ராஸ்பெர்ரி பையில் ஹார்ட் டிஸ்க் ஏன் காணாமல் போகிறது? யுஎஸ்பி மின்சாரக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் குட்டிக் கணினியில் பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, டிஸ்க் தெரிவதில்லை. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கியதும் மறைந்துவிடுகிறது. வைஃபை டாங்கிள் நினைத்த நேரத்தில் துண்டித்துக்கொள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலோர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: பெரிய சார்ஜர் வாங்கு. வாங்கிப் போட்ட பிறகும் பலருக்குப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருந்தாலும் அடியில் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம் என்பதே காரணம்.

1. பலகைக்குள் வந்து சேரும் மின்னழுத்தமே குறைவாக இருக்கலாம்.
2. மின்னழுத்தம் சரியாக இருந்தும், யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு விதிக்கப்பட்ட மின்னோட்ட வரம்பைச் சாதனம் தாண்டலாம்.
3. மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத மென்பொருள் கோளாறோ கேபிள் கோளாறோ இருக்கலாம்.

ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. ஆகவே காசு செலவழிப்பதற்கு முன், நம் கோளாறு இவற்றில் எது என்று தெரிந்தாக வேண்டும். பையும் அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமும் இதற்குத் தேவையான தகவலை ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கின்றன. எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வோல்ட், ஆம்பியர், வாட்

மின்னழுத்தம் வோல்ட்டில், மின்னோட்டம் ஆம்பியரில். இரண்டையும் பெருக்கினால் வாட். யுஎஸ்பி மின்சாரம் என்றால் அடிப்படையில் 5 வோல்ட். சார்ஜர் 5 வோல்ட்டைத் தள்ளுகிறது. எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை இழுக்கும் பக்கம்தான் தீர்மானிக்கிறது. 3 ஆம்பியர் என்று அச்சிட்ட சார்ஜர் 3 ஆம்பியரை நம் பலகைக்குள் திணிக்காது. அவ்வளவு வரை கேட்டாலும் 5 வோல்ட் சரியாமல் தாங்கும் என்பதே அந்த எண்ணுக்குப் பொருள்.

யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு சாதனம் செருகியவுடன் 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கி நிற்க வேண்டும். தனக்கு எவ்வளவு தேவை என்று கணினியிடம் அறிவித்து, அனுமதி கிடைத்தபின் 500 மில்லி ஆம்பியர் வரை போகலாம். யுஎஸ்பி 3.0இல் இந்த உச்சம் 900. லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை விரிவான விவரத்தோடு ஓட்டினால் "மேக்ஸ்பவர்" என்று தெரிவது இந்த அறிவிப்புதான்.

அதை அளவீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது அது, அவ்வளவே. 500 என்று அறிவிக்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க், தட்டைச் சுழற்றத் தொடங்கும் முதல் சில நொடிகளில் 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். முழு வேகம் பிடித்த பிறகு தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தத் தொடக்க நொடிகளில் மின்சாரம் போதாவிட்டால் தட்டு வேகம் பிடிக்காது, டிஸ்க் விட்டுவிட்டு மறுபடி முயலும். டிக், டிக் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

எந்தப் பையில் எவ்வளவு

லேப்டாப்பில் ஒவ்வொரு போர்ட்டும் தனக்குரிய அளவைத் தரும் என்று எதிர்பார்க்கலாம். பையில் வரம்பு நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து ஒன்று. மாடலுக்கு மாடல் அது மாறியிருப்பதால், பழைய ஆலோசனைகள் புதிய பலகைக்குப் பொருந்துவதில்லை.

2012இல் வந்த முதல் மாடல் பி பலகையின் தொடக்கப் பதிப்பில் ஒவ்வொரு போர்ட்டிலும் 140 மில்லி ஆம்பியர் பாலிஃப்யூஸ் (மின்னோட்டம் மிகுந்தால் தடுத்து, பின் தானே மீளும் ஃப்யூஸ்) இருந்தது. கீபோர்டு, மவுஸ் தாண்டி எதையும் அதில் நம்பிச் செருக முடியவில்லை. 2014இல் வந்த பி பிளஸ், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் தந்தது. பையின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் "மேக்ஸ்_யுஎஸ்பி_கரண்ட்=1" என்று ஒரு வரி சேர்த்தால் அது 1.2 ஆம்பியராக உயரும். அந்த வரியை இன்றும் பலர் பை 4இல் கூடச் சேர்க்கிறார்கள். பை 3, பை 4 இரண்டிலும் 1.2 ஆம்பியர் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை.

2023 அக்டோபரில் வந்த பை 5இல் கதையே வேறு. 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் சார்ஜரைக் கண்டால் யுஎஸ்பிக்கு 1.6 ஆம்பியர் ஒதுக்கும். 3 ஆம்பியர் சார்ஜர் என்று தெரிந்தால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். பை 4இல் நன்றாக ஓடிய ஹார்ட் டிஸ்க்கை அதே சார்ஜரோடு பை 5க்கு மாற்றியவர்கள், புதிய பலகை பழுது என்று நினைத்துக் குழம்புவது இதனால்தான். பலகையில் பழுது ஏதும் இல்லை. பழைய சார்ஜரைப் பார்த்து அது யுஎஸ்பி ஒதுக்கீட்டைப் பை 4 தந்ததில் பாதியாகக் குறைத்திருக்கிறது.

65 வாட் சார்ஜர் ஏன் உதவாது

பை 5 வாங்கியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வீட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறது, பைக்கு வேண்டியது 27 வாட். தாராளமாகப் போதும் என்றுதானே தோன்றும்?

டைப்-சி சார்ஜரும் சாதனமும் பவர் டெலிவரி என்ற முறையில் முதலில் பேசிக்கொள்கின்றன. சார்ஜர் தன்னால் தர முடிந்தவற்றைப் பட்டியலிடும். வழக்கமான 65 வாட் சார்ஜரின் பட்டியல் இப்படி இருக்கும்: 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9 வோல்ட்டில் 3, 15 வோல்ட்டில் 3, 20 வோல்ட்டில் 3.25. லேப்டாப் 20 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். பை எடுத்துக்கொள்வது 5 வோல்ட் மட்டுமே. ஆக, அந்தச் சார்ஜரிலிருந்து பைக்குக் கிடைப்பது 15 வாட்தான். 100 வாட் சார்ஜர் வைத்தாலும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

பைக்கான அதிகாரப்பூர்வ 27 வாட் சார்ஜர் 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிறது. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான சார்ஜர்களில் இந்தச் சேர்க்கை கிடையாது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட மொத்த வாட்டை விட்டுவிட்டு, "5வி" என்பதற்கு எதிரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கேபிள் விழுங்கும் வோல்ட்

மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், மின்னோட்டம் கூடும்போது கடைசியில் சேரும் அழுத்தம் குறையும். யுஎஸ்பி கேபிளிலும் நடப்பது அதே இயற்பியல்தான். 5 வோல்ட்டில் அரை வோல்ட் இழப்பு என்பது பத்தில் ஒரு பங்கு என்பதால் இங்கே அடி பலமாக விழுகிறது.

கம்பியின் தடிமனை ஏடபிள்யுஜி என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது. 1 மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் போகவும் வரவும் இரண்டு கம்பிகள் இருப்பதால் மொத்த நீளம் 2 மீட்டர்.

28ஆம் எண் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். இழப்பு ஏறத்தாழ 0.85 வோல்ட். சார்ஜரிலிருந்து 5.1 புறப்பட்டால் பையில் சேர்வது 4.25.

24ஆம் எண்ணுக்குத் தடை 0.084 ஓம், இழப்பு 0.34 வோல்ட். சேர்வது 4.76.

20ஆம் எண் கம்பி என்றால் இழப்பு 0.13 வோல்ட்தான். கிட்டத்தட்ட 4.97 வந்து சேரும்.

பையின் எச்சரிக்கைக் கோடு 4.63 வோல்ட். முதல் கேபிளில் சார்ஜர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பலகை பட்டினிதான். கேபிளின் மேலுறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல கேபிள்களில் பொடி எழுத்தில் "28ஏடபிள்யுஜி/1பி 24ஏடபிள்யுஜி/2சி" என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் தரவுக் கம்பி, இரண்டாவது மின்கம்பி. நமக்கு வேண்டியது இரண்டாவது. அங்கேயும் 28 என்று இருந்தால் அந்தக் கேபிளைப் பையிடம் கொண்டுபோகவே வேண்டாம். அதிகாரப்பூர்வ சார்ஜர்கள் 5க்குப் பதில் 5.1 வோல்ட் தருவதும், கேபிள் சார்ஜரோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருவதும் இந்த இழப்பை மனத்தில் வைத்துத்தான்.

பை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

முதலில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிவைக்கும் பதிவு. டிமெசேஜ் கட்டளை அதைக் காட்டும். முக்கியமான வரிகள் இவை:

1. "அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்": பலகைக்கு வரும் மின்னழுத்தம் 4.63க்குக் கீழே இறங்கியிருக்கிறது. சார்ஜர் அல்லது கேபிள்.
2. "ஓவர்-கரண்ட்" என்று தொடங்கும் வரி: போர்ட் வரம்பைச் சாதனம் தாண்டிவிட்டது, அல்லது எங்கோ ஷார்ட் ஆகிறது.
3. "இன்சஃபிஷியன்ட் அவெய்லபிள் பஸ் பவர்": சாதனம் அறிவித்த தேவை அந்தப் போர்ட்டின் ஒதுக்கீட்டைவிட அதிகம் என்று கர்னலே மறுத்துவிட்டது. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், தனக்கென மின்சாரம் இல்லாததாக இருந்தால் இது அடிக்கடி வரும். அப்படிப்பட்ட ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் தர அனுமதி.
4. "எரர் -71", "எரர் -110": முதலாவது தகவல் பரிமாற்றம் சிதைந்தது, இரண்டாவது பதில் வரவில்லை. மின்சாரக் குறைவால் வரலாம், கேபிளாலும் வரலாம். இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்து, விசிஜென்சிஎம்டி என்ற கட்டளையோடு "கெட்_த்ராட்டில்டு" என்று கேட்டால் பை ஒரு பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண் தரும். 0 என்றால் சுத்தம். வலது ஓர இலக்கம் இப்போதைய நிலை. இடது ஓர இலக்கம் பூட் ஆனதிலிருந்து எப்போதாவது நடந்தது. 1 மின்னழுத்தக் குறைவு, 2 வேகத்துக்கு உச்சவரம்பு, 4 வேகக் குறைப்பு, 8 வெப்ப எல்லை. ஒன்றுக்கு மேல் நடந்தால் கூட்டிக்கொள்ளும்.

அதன்படி 50005 என்றால், 5 என்பது 1உம் 4உம் சேர்ந்தது: மின்னழுத்தம் இப்போதும் குறைவு, முன்பும் குறைந்தது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50000 என்றால் இப்போது சரி, முன்னே குறைந்தது. 80000 மட்டும் வந்தால் அது சூடு; சார்ஜரைக் குறை சொல்ல வேண்டாம், காற்றோட்டத்தைப் பாருங்கள். ரீபூட் செய்தால் இந்த நினைவு அழிந்துவிடும் என்பதால், கோளாறு நடந்த கையோடு படித்துவிட வேண்டும்.

பை 5இல் இன்னொரு வசதி உண்டு. அதே விசிஜென்சிஎம்டியில் "பிஎம்ஐசி_ரீட்_ஏடிசி" என்று கேட்டால், வெளியிலிருந்து வரும் 5 வோல்ட் அந்தக் கணத்தில் உண்மையில் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும். பழைய பலகைகளில் மல்டிமீட்டரைப் பலகையின் ஜிபிஐஓ பின் வரிசையில் 4ஆம் பின்னிலும் 6ஆம் பின்னிலும் வைத்து அளக்கலாம். பக்கத்துப் பின்னோடு சேர்த்துத் தொட்டால் பலகை போய்விடும். கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி என்பதையும் மறக்க வேண்டாம். சில மில்லி வினாடி மட்டும் விழுந்து எழும் பள்ளம் அதில் தெரியாது. மீட்டர் 5.0 காட்டும்போது பை "அண்டர்வோல்டேஜ்" என்று சொன்னால், நான் பையைத்தான் நம்புவேன்.

ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்து

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சார்ஜர், கேபிள், ஹப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிச் சரியானால், எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

1. யுஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள். ஸ்ட்ரெஸ் போன்ற ஒரு நிரலால் செயலியின் எல்லாக் கோர்களையும் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, "கெட்_த்ராட்டில்டு" எண்ணைப் படியுங்கள். மின்னழுத்தக் குறைவு இங்கேயே தெரிந்தால் ஹார்ட் டிஸ்க் மேல் குற்றம் இல்லை. சார்ஜரையோ கேபிளையோ மாற்றிவிட்டு மறுபடி இதே படிக்கு வாருங்கள்.

2. சுத்தமாக இருந்தால், சிக்கல் தரும் சாதனத்தை மட்டும் நேராகச் செருகி வேலை கொடுங்கள். டிஸ்க் என்றால் சில ஜிபி கோப்பை எழுதச் செய்யுங்கள். சும்மா செருகி வைத்தால் போதாது. மின்சாரப் பிரச்சினை சுமையில்தான் வெளியே வரும்.

3. துண்டித்துக்கொண்டதும் கர்னல் பதிவையும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மின்னழுத்தக் குறைவு பதிவாகியிருந்தால் முதல் வகை. எண் 0ஆக இருந்து ஓவர்-கரண்ட் வரி வந்திருந்தால் இரண்டாம் வகை. இரண்டும் இல்லாமல் சாதனம் மட்டும் மறைந்திருந்தால் சந்தேகம் மூன்றாம் வகை மேல் போகிறது.

4. உறுதி செய்ய, அதே சாதனத்தைத் தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக ஓட்டுங்கள். சரியாகிவிட்டால் மின்சாரம்தான் காரணம் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். ஹப்பிலும் அதே மாதிரி விழுந்தால் மின்சாரத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம்.

தீர்வுகளும் அவற்றின் விலையும்

முதல் வகைக்கு நல்ல சார்ஜர், தடித்த குட்டையான கேபிள். அதோடு முடிந்தது.

இரண்டாம் வகைக்கு, பை 5 என்றால் 5 ஆம்பியர் சார்ஜர். தரமான 5 வோல்ட் 5 ஆம்பியர் மின்வழங்கியை ஜிபிஐஓ பின் வழியாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: அங்கே பவர் டெலிவரிப் பேச்சு நடக்காததால் பை 600 மில்லி ஆம்பியரிலேயே நின்றுவிடும். கான்ஃபிக் கோப்பில் "யுஎஸ்பி_மேக்ஸ்_கரண்ட்_எனேபிள்=1" என்று எழுதுவது அவர்களுக்கானது. 3 ஆம்பியர் சார்ஜரை வைத்துக்கொண்டு இதே வரியை எழுதினால், வரம்பு மட்டும் உயரும், வருகிற மின்சாரம் உயராது. இரண்டாம் வகைக் கோளாறு முதல் வகையாக மாறி, டிஸ்க் மட்டும் விழுவதற்குப் பதில் முழுக் கணினியும் விழும். தற்காலிகமாகக் கூட நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற மாடல்களுக்குத் தனி அடாப்டர் உள்ள ஹப் வேண்டும். அடாப்டரின் ஆம்பியரைச் சாதனங்களின் தேவையோடு கூட்டிப் பாருங்கள். 2 ஆம்பியர் அடாப்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கினால் மிச்சம் எதுவும் இருக்காது. சில மலிவு ஹப்புகள் பையின் போர்ட் வழியாகவே பின்னோக்கி மின்சாரத்தை அனுப்பும். பையின் சார்ஜரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். ஹப் செருகியிருக்கும்போது பலகையின் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த ஹப்பை மாற்றிவிடுவதே நல்லது.

மின்சாரம் காரணமாக இல்லாதபோது

எஸ்எஸ்டி பெட்டிகளில் டிஸ்க்கை யுஎஸ்பியோடு இணைக்கும் பாலச் சில்லுகள் சில, யுஏஎஸ் என்ற வேகமான டிரைவரோடு ஒத்துப்போவதில்லை. கர்னல் பதிவில் "யுஏஎஸ்" என்ற சொல்லோடு "அபார்ட்", "ரீசெட்" வரிகள் வரிசையாக வந்தால் அதன் அடையாளம் அதுதான். பூட் ஆகும்போது கர்னலுக்கு அமைப்புகளைச் சொல்லும் சிஎம்டிலைன் கோப்பில் "யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குயர்க்ஸ்=" என்று எழுதி, எல்எஸ்யுஎஸ்பி காட்டும் இரண்டு அடையாள எண்களையும் அப்படியே சேர்த்து, முக்காற்புள்ளி போட்டு ஆங்கிலச் சிறிய எழுத்து யு சேர்த்தால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் பழைய டிரைவர் வரும். வேகம் கொஞ்சம் குறையும், துண்டிப்பு நிற்கும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் என்டர் தட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் மட்டும் சாதனம் தூங்கிப்போகிறதா? அது ஆட்டோசஸ்பெண்ட், அதாவது மின்சாரம் மிச்சப்படுத்தத் தானாகத் தூங்க வைக்கும் வசதி. கர்னல் தானாகவே எல்லாவற்றையும் தூங்க வைப்பதில்லை. மின்சேமிப்புக் கருவிகளை நிறுவும்போது அவை இதை இயக்கிவிடும். அதே சிஎம்டிலைன் கோப்பில் "யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1" என்று சேர்த்தால் நின்றுவிடும்.

யுஎஸ்பி 3 டிஸ்க் ஓடும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸ் திக்கினால், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஏற்படும் குறுக்கீடு. மவுஸ் ரிசீவரை ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

சரிசெய்த பிறகு டிஸ்க்கைப் பாருங்கள்

மின்சாரம் சீரானதும் பலர் பழையபடி டிஸ்க்கை மவுண்ட் செய்து (கோப்புகளைப் பயன்படுத்தும்படி இணைத்து) வேலையைத் தொடர்ந்துவிடுகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டிக்கப்பட்ட டிஸ்க்கில் கோப்பு அமைப்பு பாதியில் நின்றிருக்கலாம். கர்னல் பதிவில் "ரீட்-ஒன்லி" (படிக்க மட்டும்) என்று ரீமவுண்ட் ஆனதாக ஒரு வரி இருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால், தன் நிலையைப் பற்றி டிஸ்க்கே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களையும் எடுத்து, சேதமான செக்டர் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறெங்கும் நகல் இல்லையென்றால், எஃப்எஸ்சிகே ஓட்டும் முன்பே டிஸ்க்கை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து அவற்றை நகலெடுத்துவிடுங்கள். எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும் பையில், மின்னழுத்தக் குறைவு பதிவாகியிருந்தால் அந்தக் கார்டுக்கும் இதே சோதனை தேவை.